முடக்குவாதமும் அல்சைமரும்: ஒரு நம்பிக்கையின் முப்பது ஆண்டுகள்

1990ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில், கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் பேட்ரிக் மெக்கீரும் அவருடைய சகாக்களும் ஒரு சிறு கடிதத்தை வெளியிட்டனர். முடக்குவாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொண்டு வரும் முதியவர்களிடையே அல்சைமர் என்னும் மறதி நோய், அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட வெகு குறைவாகவே காணப்படுகிறது என்பது அதன் சாரம். மூட்டு வீக்கத்தைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட மருந்து, யாரும் எதிர்பாராமல் மூளையையும் காத்திருக்கலாம் என்று அந்தக் கடிதம் கேட்ட கேள்வியை, அடுத்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களும் மருத்துவமனைகளும் ஆயிரக்கணக்கான முதியவர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தன. (மெக்கீர் வழக்கமான ஆய்வுக்கூட மனிதர் அல்லர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவர், பின்னர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அமைச்சராகவும் இருந்தவர். ஒரு கருத்தைக் கையில் எடுத்தால் எளிதில் விடாதவர் என்பதற்கு அவருடைய பிற்கால எழுத்துகளே சாட்சி.)

அந்த எண்ணம் அந்தரத்தில் தோன்றியதன்று. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து உண்டாகும் திட்டுகளும், நரம்பணுக்களுக்குள் டாவ் என்னும் மற்றொரு புரதம் முறுக்கிக்கொண்டு உண்டாகும் சிக்கல்களும் இருப்பதை 1906இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்திலேயே அலோய்ஸ் அல்சைமர் விவரித்துவிட்டார். ஆனால் அந்தத் திட்டுகளைச் சுற்றி மைக்ரோக்ளியா எனப்படும் மூளையின் காவல் அணுக்கள் கூட்டமாகக் குவிந்திருப்பதும், உடலின் எதிர்ப்பாற்றல் அமைப்பு கிருமிகளைத் தாக்கப் பயன்படுத்தும் புரதங்கள் அங்கே படிந்திருப்பதும் 1980களின் பிற்பகுதியில்தான் தெளிவாகத் தெரியவந்தது. முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வுக்குள் நடப்பதும் இதைப் போன்றதே: எதிர்ப்பாற்றல் அணுக்கள் குவிகின்றன, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் சுரக்கின்றன, நோய் முற்றினால் எலும்பும் குருத்தெலும்பும் அரிக்கப்படுகின்றன. ஆகவே மூட்டில் அழற்சியைத் தணிக்கும் மருந்து மூளையிலும் தணிக்கும் என்று எதிர்பார்த்ததில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

முதற்கட்ட ஆதாரங்களும் அந்த எதிர்பார்ப்புக்கு ஒத்தே வந்தன. 1993இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஜோசஃப் ராஜர்ஸ் தலைமையில் 44 அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த ஆறு மாதச் சோதனையில், இண்டோமெத்தசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தை எடுத்துக்கொண்டோரின் நினைவாற்றல் ஏறக்குறைய அப்படியே நிற்க, மருந்துப்போலி (பார்வைக்கு ஒத்த, மருந்தில்லாத மாத்திரை) பெற்றோரின் நினைவாற்றல் சரிந்தது. ஆனால் வயிற்றுக் கோளாறு முதலிய காரணங்களால் பலர் நடுவிலேயே விலகிவிட்டனர். கடைசிவரை நின்றவர்களை மட்டும் வைத்தே முடிவு சொல்லப்பட்டது. 1994இல் ஜான் பிரைட்னர் என்ற ஆய்வாளர் முதிய இரட்டையர் இணைகள் ஐம்பதை ஒப்பிட்டு, அழற்சி எதிர்ப்பு மருந்து எடுத்தவருக்கு நோய் வராமலோ அவருடைய இரட்டையரைவிடத் தாமதமாகவோ வந்திருக்கிறது என்று எழுதினார். 1997இல் பால்டிமோர் நகரின் நெடுங்கால ஆய்வு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் பாதிக்கும் குறைவு என்றது. பாராசிட்டமால் எடுத்தவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. பாராசிட்டமால் வலியைக் குறைக்குமே தவிர அழற்சியைப் பெரிதாகத் தணிக்காது என்பதால், இந்த வேறுபாடே கருதுகோளுக்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றியது.

எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது 2001ஆம் ஆண்டின் ராட்டர்டாம் ஆய்வு. நெதர்லாந்தின் அந்த நகரில் 55 வயதைக் கடந்த 6,989 பேரைச் சராசரியாக ஏழாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் கவனித்து, யார் எந்த மாத்திரையை எத்தனை நாள் வாங்கினார்கள் என்பதை மருந்துக் கடைகளின் பதிவேடுகளிலிருந்தே எடுத்தார்கள். மறதி உள்ளவரிடமோ அவர் வீட்டாரிடமோ 'முன்பு என்ன மாத்திரை போட்டீர்கள்' என்று கேட்டுப் பெறும் தகவலைவிட இது மிக நம்பகமானது. மொத்தமாக 24 மாதங்களுக்கு மேல் அழற்சி எதிர்ப்பு வலி நிவாரணி எடுத்தவர்களுக்கு அல்சைமர் அபாயம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அதே ஆண்டில், இந்த மருந்துகளில் ஐபுப்ரூஃபன் உள்ளிட்ட சில, அழற்சியைத் தணிக்கும் வேலைக்குத் தொடர்பில்லாத வேறொரு வழியில், நச்சுத்தன்மை மிகுந்த அமிலாய்டு வகையின் உற்பத்தியையும் குறைக்கின்றன என்று ஆய்வுக்கூடங்களிலிருந்து செய்தி வந்தது. மக்கள்தொகை ஆய்வும் சோதனைக்குழாயும் ஒரே திசையைக் காட்டும்போது மருத்துவ உலகம் உற்சாகம் கொள்வது இயல்பு.

ராஜர்ஸின் சிறு சோதனையைத் தவிர, மனிதர்களிடம் நடந்த இவ்வளவும் கூர்நோக்கு ஆய்வுகள். மாத்திரை எடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மனிதரும் அவருடைய மருத்துவருமே தீர்மானித்தார்கள். ஆய்வாளர் அருகில் நின்று கணக்கெடுத்தார், அவ்வளவே. மருந்துதான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு மருந்தையும் மீதிப்பேருக்கு மருந்துப்போலியையும் கொடுத்து, யாருக்கு எது போகிறது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். அந்தச் சோதனைகள் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று.

2000ஆம் ஆண்டில் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. 2001இல் நெதர்லாந்தில், முடக்குவாதத்துக்கு இன்றும் பரவலாகக் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை 168 அல்சைமர் நோயாளிகளுக்கு 18 மாதங்கள் கொடுத்தார்கள். அதிலும் பலன் இல்லை. 2003இல் 351 பேரிடம் நேப்ராக்சன், ரோஃபிகாக்சிப் என்ற இரு அழற்சி எதிர்ப்பு வலி நிவாரணிகளும் தோற்றன. நோய் முற்றிய பின் கொடுத்ததால்தான் தோல்வி, இலேசான மறதி நிலையிலேயே தொடங்க வேண்டும் என்றொரு வாதம் எழுந்தது. அதையும் பார்த்தார்கள்: 1,457 பேர் கலந்துகொண்டு 2005இல் முடிவு வெளியான சோதனையில், ரோஃபிகாக்சிப் பெற்றோரில் ஆண்டுக்கு 6.4 விழுக்காட்டினரும் மருந்துப்போலி பெற்றோரில் 4.5 விழுக்காட்டினரும் அல்சைமர் நிலைக்குச் சென்றனர். மருந்து எடுத்த பக்கமே எண்ணிக்கை கூடுதல்.

இலேசான மறதியும் தாமதந்தான், அறிகுறியே இல்லாதவர்களிடம் தொடங்க வேண்டும் என்று அடுத்த வாதம் நகர்ந்தது. அதற்காகவே 2001இல் அமெரிக்காவில் 'அடாப்ட்' என்னும் பெருஞ்சோதனை தொடங்கப்பட்டது. நெருங்கிய இரத்த உறவில் யாருக்கேனும் அல்சைமர் போன்ற மறதி நோய் இருந்த, 70 வயதைக் கடந்த, ஆனால் தாங்கள் நல்ல நினைவோடு இருந்த 2,500க்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். நேப்ராக்சன், ரோஃபிகாக்சிபின் இனத்தைச் சேர்ந்த செலிகாக்சிப், மருந்துப்போலி என மூன்று பிரிவுகள். தலைமை ஏற்றவர் இரட்டையர்களை ஆய்ந்த அதே பிரைட்னர். ஏழாண்டு நீடிக்க வேண்டிய அந்தச் சோதனை மூன்றே ஆண்டுகளில் நின்றுபோனது. 2004 செப்டம்பர் 30ஆம் தேதி ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயம் காரணமாக உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவும் அதைத் தடைசெய்தது. அதே டிசம்பரில், குடல் கட்டிகளைத் தடுக்க நடந்துகொண்டிருந்த வேறொரு சோதனையில் செலிகாக்சிபும் இதயத்தைப் பாதிப்பதாகத் தெரியவர, அடாப்ட் சோதனையிலும் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. அதுவரை கிடைத்த தகவலை 2007இல் வெளியிட்டபோது பாதுகாப்புக்கான அடையாளமே இல்லை. மொத்தத்தில் நோய் வந்தவர்கள் சிலரே என்றாலும், இரு மருந்துப் பிரிவுகளிலும் அவர்கள் சற்று அதிகமாகவே இருந்தனர்.

அமிலாய்டு உற்பத்தியைக் குறைக்கும் பண்பை மட்டும் வைத்துக்கொண்டு அழற்சி எதிர்ப்புப் பண்பைக் களைந்து உருவாக்கப்பட்ட டாரென்ஃப்ளர்பில் என்ற மருந்தும் சுமார் 1,700 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2008இல் கைவிடப்பட்டது. கடைசியாக, கனடாவின் மான்ட்ரியல் நகரில், சராசரியாக 63 வயதான, குடும்பத்தில் நோய் இருந்த 195 பேருக்கு இரண்டு ஆண்டுகள் நேப்ராக்சன் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த அந்த முடிவும் 'பலன் இல்லை' என்பதே. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவரும் பிரைட்னர்தான். 1994இல் தாமே கண்ட துப்பை இருபத்தைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, இறுதியில் அது எங்கும் கொண்டு சேர்க்கவில்லை என்று அச்சில் எழுதிய நேர்மை, ஆய்வு உலகில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

ஆறேழாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் ஏன் இப்படி வழி தவறின என்பதே இந்த வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். முதற்காரணம், வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுக்க முடிகிறவர் யார் என்பது. இந்த மருந்துகள் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். எனவே இதய நோய், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோயால் பழுதான சிறுநீரகம் ஆகியவை உள்ள முதியவருக்கு மருத்துவர் அவற்றைத் தருவதில்லை, தந்தாலும் விரைவில் நிறுத்திவிடுவார். அந்த நோய்கள் எல்லாம் மறதி நோயின் அபாயத்தையும் கூட்டுபவை. ஆக, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாத்திரை எடுத்தவர்கள் என்ற குழு, மாத்திரையைத் தாங்கும் அளவுக்கு இரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் நன்றாக இருந்தவர்களின் குழுவாகத் தானே வடிகட்டப்பட்டுவிடுகிறது. பலன் மாத்திரையுடையதா, மாத்திரையைத் தாங்கிய உடலுடையதா என்பதைக் கூர்நோக்கு ஆய்வால் முழுமையாகப் பிரித்தறிய இயலாது.

இரண்டாவது, காரணமும் விளைவும் இடம் மாறிவிடும் ஆபத்து. அல்சைமரின் புரதப் படிவுகள் மறதி வெளிப்படுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் சேரத் தொடங்குகின்றன என்பது இன்று ஐயமற்ற செய்தி. அந்த நீண்ட மௌன காலத்தின் பிற்பகுதியில் ஒருவர் மெல்லச் சுறுசுறுப்பு இழக்கிறார், வலியைப் பற்றிச் சொல்வதையும் மருத்துவரிடம் போவதையும் குறைத்துக்கொள்கிறார், வாங்கும் மாத்திரையும் குறைகிறது. பதிவேட்டைப் பின்னால் புரட்டுகிறவருக்கு, மாத்திரை எடுக்காததால் நோய் வந்ததுபோலத் தெரியும். நடந்ததோ, நோய் தொடங்கிவிட்டதால் மாத்திரை குறைந்தது. மூன்றாவது காரணம் சற்றுக் கசப்பானது: கடுமையான முடக்குவாதம் உள்ளவர்கள் அக்காலத்தில் இதய நோயால் முன்னதாகவே இறந்தார்கள், ஆகையால் அல்சைமர் பெருகும் எண்பதுகளை எட்டியோர் அவர்களில் குறைவு. பிற்கால மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் சிலவற்றில் முடக்குவாதக்காரர்களுக்கு மறதி நோயின் அபாயம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. 2009இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2,736 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் வலி மாத்திரையை மிகுதியாக எடுத்த முதியவர்களிடம் மறதி நோய் கூடுதலாக இருந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இவ்வளவு பட்ட பிறகும் அதே கவர்ச்சி மற்றொரு மருந்தின் வடிவில் திரும்பி வந்தது. முடக்குவாதத்துக்கு ஊசியாகப் போடப்படும் எடனர்செப்ட் என்ற மருந்தை எடுத்தவர்களுக்கு அல்சைமர் அபாயம் 64 விழுக்காடு குறைந்திருந்ததாக ஃபைசர் நிறுவனத்தின் உள்ளாய்வு ஒன்று கூறியதென்றும், அதை நிறுவனம் வெளியிடவில்லை என்றும் 2019இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தபோது பெரும் சலசலப்பு எழுந்தது. இலாபம் கருதி மருந்தை மறைத்துவிட்டார்கள் என்று பேசியவர்கள், அந்த எண் காப்பீட்டுக் கணக்குகளிலிருந்து பெறப்பட்டது என்பதையும், பெரிய மூலக்கூறான அந்த மருந்து இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது என்பதையும் கவனிக்கவில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 41 நோயாளிகளிடம் ஏற்கெனவே நடந்த சோதனை திட்டவட்டமான பலன் எதையும் காட்டியிருக்கவில்லை. பின்னர் அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தகவல்களை வைத்து, முடக்குவாத மருந்துகளை ஒன்றோடொன்று கவனமாக ஒப்பிட்ட ஆய்விலும் இவ்வகை மருந்துக்குத் தனிப் பாதுகாப்பு தெரியவில்லை. தகவலைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அந்தத் தகவலில் ஒரு மருந்து ஒளிந்திருந்தது என்ற முடிவு நியாயமாகாது.

அப்படியானால் அழற்சிக்கும் அல்சைமருக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் 1990இல் நினைத்ததைப் போல் அத்தனை எளிமையாக இல்லை. 2013இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 'ட்ரெம் 2' என்ற மரபணுவின் அரிய மாற்றம் ஒன்று அல்சைமர் அபாயத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது என்று கண்டன. இந்த மரபணு மைக்ரோக்ளியா அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஓர் உணர்வியை உருவாக்குவது. அபாயம் தரும் மாற்றமோ அந்த உணர்வியின் வேலையைக் குறைக்கிறது. அதாவது, காவல் அணுக்கள் அளவுக்கு மீறித் துடிப்பதைப் போலவே, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் சோம்பிக் கிடப்பதும் நோய்க்கு வழிவிடுகிறது. அமிலாய்டுத் திட்டைச் சூழ்ந்து அணைகட்டி அருகிலுள்ள நரம்பிழைகளைக் காப்பதும் அவற்றின் பணிகளுள் ஒன்று. அவற்றை ஒட்டுமொத்தமாக அடக்கும் மருந்து, நோயின் ஒரு கட்டத்தில் நன்மையையும் இன்னொரு கட்டத்தில் கெடுதலையும் செய்யக்கூடும்.

இதே மரபணு எலும்பையும் மூளையையும் இன்னொரு விதத்தில் பிணைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பின்லாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே விவரிக்கப்பட்ட நாசு–ஹகோலா என்ற மிக அரிய பரம்பரை நோயில், இருபதுகளில் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் வலி தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் எலும்புக்குள் பைகள் போன்ற வெற்றிடங்கள் தெரிகின்றன. சிறு இடறலுக்கே எலும்பு முறிகிறது. முப்பதுகளில் குணம் மாறி, நாற்பதை ஒட்டி மறதி நோய் முழுமையாகப் பற்றிக்கொள்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான 'ட்ரெம் 2' அல்லது அதனுடன் இணைந்து வேலைசெய்யும் மற்றொரு மரபணுவைப் பெற்றவர்களுக்கு இந்நோய் வருகிறது என்பது 2000–2002 ஆண்டுகளில் கண்டறியப்பட்டது. பழைய எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்க வழிசெய்யும் அணுக்களும் மூளையின் காவல் அணுக்களும் நெருங்கிய உறவுடையவை என்பதால், ஒரே பழுது இரண்டு இடங்களிலும் வெளிப்படுகிறது. முடக்குவாத மாத்திரைகளில் தேடிய எலும்பு–மூளைத் தொடர்பு, யாரும் எதிர்பாராத இந்த மூலையில் கிடைத்தது என்பதை ஆய்வின் விந்தை என்றே சொல்ல வேண்டும். இன்று மைக்ரோக்ளியாவை அடக்குவதற்குப் பதிலாக நெறிப்படுத்தும் மருந்துகளைத் தேடும் முயற்சிகள் இங்கிருந்தே கிளைத்தவை.

இந்திய வாசகருக்கு இதில் நடைமுறைப் பொருள் ஒன்று உண்டு. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு கூறுகிறது. மூட்டுத் தேய்மானமும் முதுகுவலியும் அதே வயதினரிடம் அதைவிடப் பல மடங்கு பரவலானவை. மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் டைக்ளோஃபினாக்கையோ அசிக்ளோஃபினாக்கையோ வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது நம் ஊர்களில் சாதாரணம். 'மூளைக்கும் நல்லதாம்' என்ற துணுக்குச் செய்தி இன்னும் கைப்பேசிகளில் உலவுகிறது. மேற்சொன்ன சோதனைகளுக்குப் பின் அதற்கு ஆதாரம் இல்லை. வயிற்று இரத்தக் கசிவுக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் ஆதாரம் ஏராளமாக உண்டு. மூட்டுவலியால் நடை குறைந்து முடங்கிப் போவது வேறு விதத்தில் கவலைக்குரியது, ஏனெனில் உடலுழைப்புக் குறைவு மறதி நோயின் மாற்றக்கூடிய அபாயங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டிருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் மருத்துவ வழிகாட்டுதல்களில் முதலிடம் பெறுபவை. அவற்றை மூட்டின் பொருட்டே செய்தால் போதும்.

மறதி நோய் வந்துவிட்டவரின் மூட்டுவலியைப் பற்றித்தான் போதிய பேச்சு இல்லை. இடுப்பு மூட்டு தேய்ந்த எண்பது வயது மூதாட்டிக்கு மறதி முற்றியதும் வலி போய்விடுவதில்லை, அதைச் சொல்லும் ஆற்றல்தான் போய்விடுகிறது. குளிப்பாட்ட எழுப்பும்போது கையைத் தட்டிவிடுவது, முனகுவது, கண்களை இறுக்கிக்கொள்வது, இரவெல்லாம் அமைதியின்றி எழுந்தெழுந்து உட்கார்வது ஆகியவற்றை வீட்டார் 'நோயின் பிடிவாதம்' என்று எடுத்துக்கொள்ள, அமைதிப்படுத்தும் மனநல மருந்து தொடங்கப்படுகிறது. அந்த மருந்துகளோ மறதி நோயாளிகளிடம் பக்கவாதத்துக்கும் கீழே விழுந்து எலும்பு முறிவதற்கும் வாய்ப்பைக் கூட்டுபவை. முகச்சுளிப்பு, மூச்சின் வேகம், முனகல், உடல் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்பவற்றைப் பார்த்து வலியை மதிப்பிடும் எளிய அளவுகோல்கள் இருபது ஆண்டுகளாகவே புழக்கத்தில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்த மருத்துவப் பட்டம் தேவையில்லை.

நார்வேயின் மேற்குப் பகுதியிலுள்ள 18 முதியோர் பராமரிப்பு இல்லங்களில், மறதி நோயும் படபடப்பும் இருந்த 352 பேரிடம், வலியைத் தணித்தால் அந்த அமைதியின்மை குறையுமா என்று சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பு. மற்றவர்களுக்கு, வலி இருக்கலாம் என்ற அனுமானத்தில், படிப்படியான வலி சிகிச்சை. பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது வெறும் பாராசிட்டமால்தான். எட்டு வாரங்களில் சிகிச்சை பெற்றோரின் படபடப்பு 17 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையை நிறுத்தி நான்கு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது அது மீண்டும் கூடியிருந்தது.